அரை மாத்திரைக்கு ஒரு அடி

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் கரண்டி இருக்கிறது. காம்பில் 'சீ. வேங்கடம்' என்று வெட்டியிருக்கும். மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரில் ஒருவரும் கிடையாது. எந்தக் கல்யாணத்தில், எந்தப் பந்தியில் மாறி வந்ததோ, வந்த நாளிலிருந்து எங்களுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறது. "அந்த வேங்கடத்தை எடு" என்றுதான் அம்மா கேட்பாள். எங்கள் கரண்டி ஒன்றும் அப்பா பெயரோடு எந்த ஊரிலோ யாருக்கோ உழைத்துக்கொண்டிருக்கும்.

வேங்கடத்தைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும், அது எங்கள் ஊர்க் கை இல்லையென்று. 'சீ'யின் சுழியில் புள்ளிகள் பஸ்ஸில் நிற்பவர்கள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. வெட்டியவருக்கு அவசரம், இல்லையென்றால் உளி முனை மழுங்கியிருந்தது. இப்படியெல்லாம் குற்றம் சொல்ல எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்றால், ஒருவருடைய வெள்ளெழுத்தால் வந்தது.

1974 கோடை விடுமுறை. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதினார். மத்தியானம் கேரியரில் சாப்பாடு கொண்டுபோவது என் பொறுப்பு. அவர் சாப்பிட்டு, கேரியரைக் கழுவிக் கொடுக்கும்வரை கடைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். அந்தத் திண்ணையின் மூலையில் கோணியை நாலாக மடித்துப் போட்டு, ஒரு மணல் மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஆசாரி மாமா. பேர் வெட்டுகிறவர். சொந்த ஊர் நாச்சியார்கோவில். குத்துவிளக்கு வார்க்கிற குடும்பம். உருக்கிய பித்தளையின் புகை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று இந்தப் பக்கம் வந்தவர்.

அந்தக் காலத்தில் பேர் வெட்டாத பாத்திரத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கொடுக்கல் வாங்கல் நிறைய. பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு அண்டா போகும், மறு வாரம் தவலை வரும். சீர்வரிசைக்குப் பெண்ணின் பெயர், மொய்க்குக் கொடுப்பவர் பெயர். அன்பளிப்புப் பாத்திரங்களில் ஒரு வேடிக்கை உண்டு. கொடுப்பவர் பெயர் பெரிதாக இருக்கும். வாங்கிக்கொள்ளும் மணமக்கள் ஓரமாக ஒதுங்கியிருப்பார்கள். அவசரத்துக்கு அடகு வைத்து மீட்டாலும் நம் பாத்திரமே திரும்பி வந்ததா என்று பார்த்துக்கொள்ளப் பேர் வேண்டும்.

மாமாவிடம் கொடுக்கும் சீட்டுகள் பலவிதம். சிகரெட் அட்டை, காலண்டர்த் தாள், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம். பெயர் பென்சிலில் கிறுக்கியிருக்கும். மாமா சீட்டைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்ப்பார். வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டால் உளி முனை தெரிகிறது, சீட்டு தெரியவில்லை. கழற்றினால் இரண்டும் தெரியவில்லை என்பது அவர் கணக்கு. ஒருநாள் என் பக்கம் நீட்டினார்.

"தம்பி, இது ரெண்டு சுழியா, மூணு சுழியா பாரு."

"மூணு சுழி மாமா."

அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மறுநாளிலிருந்து சீட்டு படிப்பது, அதைப் பெரிய எழுத்தில் சிலேட்டில் எழுதி அவர் முன்னால் சாத்தி வைப்பது என்னிடம் வந்தது. பிறகு எழுத்தை எண்ணுவது. எழுத்துக்கு ஐந்து பைசா. சதுரமாக, அலுமினியத்தில் வருமே, ஊதினால் பறக்கும், அந்தக் காசு. எண்ணிக்கையில்தான் தகராறு. கொம்பு, கால் எல்லாம் தனி எழுத்தா என்று கேட்பார்கள். "ஒலி எத்தனையோ எழுத்து அத்தனை" என்பது மாமாவின் சட்டம். ஒற்றை வைத்துச் சண்டை பிடித்தவர் ஒரு தமிழ் வாத்தியார். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதான், ஆகவே இரண்டரைப் பைசாதான் தர முடியும் என்று இலக்கணம் பேசினார். மாமா உளியைக் கீழே வைத்தார்.

"ஐயா, ஒங்களுக்கு அது அரை மாத்திரை. எனக்கு அந்த அரை மாத்திரைக்குத்தான் ஒரு அடி கூட அடிக்கணும். புள்ளி யார் வெக்கிறது?"

வாத்தியார் சிரித்துவிட்டு முழுக்காசையும் கொடுத்தார்.

உளியை மாமா என் கையில் உடனே கொடுக்கவில்லை. உளி செய்வதைத்தான் முதலில் பார்க்க விட்டார். கடையில் வாங்குகிற சாமான் இல்லை அது. தேய்ந்துபோன பழைய அரத்தை உடைத்து, சாணையில் பிடித்து, விரல் நீளத்துக்குக் கொண்டுவருவார். கரி அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் விட்டால் சுர்ரென்று கத்தும். அத்தோடு ஆயிற்று என்று நான் நினைத்தேன். "இப்ப இது கண்ணாடி. ஒரு அடிக்கு முனை தெறிச்சுடும்" என்றார். முனையைச் செங்கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கமாக மறுபடி மெல்லச் சூடேற்றுவார். அப்போது ஒரு நிறம் கிளம்பி முனையை நோக்கி நடந்து வரும். முதலில் இளமஞ்சள். அறுத்து இரண்டு நாள் வெயிலில் கிடந்த வைக்கோலின் நிறம். அது முனையைத் தொட்ட கணம் தண்ணீரில் போட வேண்டும். விட்டால் பழுப்பாகும், அப்புறம் மயில்கழுத்து. "மயில்கழுத்து பாக்க அழகா இருக்கும். உளி போச்சு" என்பார். அந்த உளி பாத்திரத்தில் பட்டால் தானே மடங்கிக்கொள்ளும். இந்தப் பதம் ஏற்றுவதற்குத் தோய்ச்சல் என்று பெயர். எனக்கு அந்த வைக்கோல் நிறம் பிடிபடவே ஒரு மாதம் ஆயிற்று. வயல்காட்டுப் பிள்ளை, வைக்கோல் நிறம் தெரியாதா என்று கேட்கலாம். வைக்கோல் நின்று நிதானமாகக் கிடக்கும். இது மூச்சு விடும் நேரத்தில் தாண்டிப் போய்விடும்.

அதற்கப்புறம் டால்டா டப்பா மூடி. முதல் எழுத்து எது என்று நினைக்கிறீர்கள்? 'அ' இல்லை. 'ட'. ஒரு கோடு கீழே, ஒரு கோடு பக்கவாட்டில், முடிந்தது. மாமாவின் பாடப்புத்தகம் 'ட'வில் ஆரம்பித்து 'ப'வுக்குப் போகும். அப்புறம் 'ம'. 'அ'வும் 'இ'யும் கடைசி வகுப்பு. காரணம் சுலபம். உளிக்குத் தெரிந்தது நேர்கோடும் புள்ளியும்தான். வளைவு அதற்கு வராது. நம் எழுத்தோ ஓலையில் வளர்ந்தது. நேராகக் கிழித்தால் ஓலை பிளந்துகொள்ளும் என்று உருண்டு திரண்டு வந்த எழுத்து என்பார்கள். ஓலைக்கு ஆகாதது உளிக்கு ஆகும், உளிக்கு ஆகாதது ஓலைக்கு ஆகும். ஒரு சுழியை இருபது முப்பது சிறு புள்ளிகளாக உடைத்து, பார்க்கிற கண் அதைத் தானே சேர்த்துக்கொள்ளும்படி வைப்பதில்தான் வேலையின் சூட்சுமம் இருந்தது.

அதையும் உளியைத் திருப்பிச் செய்வதில்லை. இடது கையில் உளி, வலது கையில் சுத்தி. இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பாத்திரம்தான் திரும்பும். மாமா இரண்டு உள்ளங்கால்களுக்கும் நடுவில் டம்ளரைக் கவ்விக்கொண்டு, கட்டைவிரலால் மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். டம்ளருக்குள்ளே நசுங்காமலிருக்க வேப்பங்கட்டை. குடம் என்றால் மணல் மூட்டை மேல் சாய்த்து, வயிற்றுக்குள் ஈரத்துணி திணிப்பார். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் கோவில் மணி மாதிரி தெரு முழுக்கக் கேட்கும்.

"கைய ஓங்காதடா. சுத்திய விழ விடு. அதுக்குத் தெரியும்."

சுத்தியை விழ விடுவதற்கு எனக்கு அந்த விடுமுறை முழுதும் போதவில்லை. மூடி மூடியாக 'ட' போட்டேன். முதலில் கண்ணால் பார்த்துப் பார்த்து அடித்தேன். மாமா பார்ப்பதே இல்லை, வாசலில் போகிறவர்களோடு பேசிக்கொண்டே அடிப்பார். ஆனால் நான் ஆழமாக ஒரு அடி போட்டால், பேச்சை நிறுத்தாமலே "ம்ஹும்" என்று ஒரு சத்தம் வரும். அவருக்கு அது காதில் விழுந்துவிடும். ஒரே கனத்தில் விழும் அடிக்கு ஒரே சத்தம். சத்தம் மாறினால் புள்ளியும் மாறியிருக்கும். அதைக் கண்டுகொண்டபின் நானும் தெருவைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தேன். விரல் நசுங்கியது வேறு கதை.

ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு குணம். பித்தளைதான் சாது, சொன்னபடி கேட்கும், வெட்டு பளிச்சென்று நிற்கும். செம்பு குழைவு. முனையைப் பிடித்துக்கொண்டு விடாது. எவர்சில்வர் அடாவடி. முதல் அடியில் இறங்கினால் உண்டு. சரியாக விழவில்லையே என்று அதே இடத்தில் மறுபடி அடித்தால் முன்னைவிட இறுகிக்கொண்டு உளியை வழுக்கி விடும். "எவர்சில்வர்ல ஒரு இடத்துக்கு ஒரு அடி. ரெண்டாவது அடி கெடையாது" என்று மாமா சொல்லியிருக்கிறார். அந்த வருஷங்களில் பித்தளை பரணுக்கு ஏறி எவர்சில்வர் அடுப்படிக்கு வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்து பழைய பித்தளைக் குடங்களைப் போட்டு எவர்சில்வர் தூக்கு வாங்கிப் போகாத வீடு எங்கள் தெருவில் ஒன்றோ இரண்டோ.

அடுத்த வருஷம் என் முதல் பாத்திரம் வந்தது. ஒரு எவர்சில்வர் தூக்கு. பெயர் 'கமலா'. மூன்றே எழுத்து, ஒற்றுகூட இல்லை. அதனால்தான் மாமா கொடுத்தார். 'க' வந்தது. 'ம' நன்றாகவே வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கை, பழக்கதோஷத்தில், 'ம'வின் தலையில் ஒரு புள்ளி வைத்துவிட்டது. பெயர்களில் 'ம'வைக் கடைசியில் புள்ளியோடு பார்த்தே பழகிய கை. சுப்பிரமணியம், ரத்தினம், செல்வம். தூக்கில் 'கம்லா' நின்றாள்.

ஒரே ஒரு அடி. ஒரு கடுகளவு. இன்றைக்கும் அந்தப் புள்ளி எனக்குக் கண்ணுக்குள் தெரிகிறது. அரத்தால் தேய்த்தால் அந்த இடம் சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும்; தூக்கின் விலை அப்பாவின் சம்பளத்தில் போகும். மாமா தூக்கை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை.

"கொறச்சு வெட்டினா சேத்துக்கலாம். கூட வெட்டினா எடுக்க முடியாது. தெரிஞ்சுக்க."

சொல்லிவிட்டு 'லா'வைத் தானே வெட்டி முடித்தார். பிறகு பெயருக்கு மேலே, நான் வைத்த அந்தப் புள்ளியின் மட்டத்தில், இடமிருந்து வலமாக வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனார். பெயரைத் தாண்டியும் நாலு புள்ளி. கீழேயும் அதேபோல ஒரு வரிசை. என் பிழை அந்தச் சரத்தில் ஒரு மணியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. எது அது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

தூக்கு வாங்க வந்த அம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன பூச்சரமாட்டம்? இதுக்கும் காசா?"

"சும்மா போட்டதும்மா."

அந்த வாரமே அவளுடைய நாத்தனார் வந்து தனக்கும் பூச்சரம் கேட்டாள். அப்புறம் அந்தத் தெருவே கேட்டது. ஒற்றெழுத்து உள்ள பெயர்களில் சிக்கல், நிஜப் புள்ளியும் சரத்துக்குள் காணாமல் போய்விடும். 'செல்வம்' என்பதைச் 'செலவம' என்றும் படிக்கலாம். யாரும் கவலைப்படவில்லை. ஓலைச்சுவடிகளில் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று வைக்காமலே விடுவார்களாம், படிப்பவர்தான் இடம் பார்த்துப் புள்ளியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைப் பின்னால் கல்லூரியில் கேட்டபோது எனக்குப் பூச்சரம்தான் ஞாபகம் வந்தது.

கல்லூரியில்தான் வேள்விக்குடிச் செப்பேடு பற்றியும் கேட்டேன். பாண்டியன் நெடுஞ்சடையன் காலத்தது, எட்டாம் நூற்றாண்டு. எழுதியவன் யுத்தகேசரிப் பெரும்பணைக்காரன் என்று அதிலேயே பெயர் இருக்கிறது. மாமாவிடம் வந்து சொன்னேன். ஆயிரத்து இருநூறு வருஷமாக அவன் பெயர் நிற்கிறது, உங்கள் வீட்டுச் சொம்பில்கூட உங்கள் பெயரைக் காணோமே என்றேன். அவர் வீட்டில் ஒரு பாத்திரத்திலும் பேர் கிடையாது. "எதுக்கு? தெருவுல எல்லார் சாமான்லயும் பேரு இருக்கு. பேரு இல்லாதது நம்மளுது" என்றார்.

நடுவில் 1978-ல் எழுத்தே மாறியது. பெரியார் தன் குடியரசு இதழில் எப்போதோ தொடங்கிவைத்த சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு ஆணையாகப் போட்டது. அதுவரை 'னா' என்பது ஒரே எழுத்தாகச் சுழித்துக்கொண்டு இறங்கும். 'லை' தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மீனாட்சிகளும் அஞ்சலைகளும் மாமாவின் கையில் அழகாக வருவார்கள். புது முறையில் 'னா'வுக்கு ஒரு கால் தனியாக நட வேண்டும். வேலை சுலபம்தான், ஆனால் அவர் கை கேட்கவில்லை. சிலேட்டில் நான் புது 'லை' எழுதி வைத்தாலும் தகட்டில் தும்பிக்கை முளைத்துவிடும். வாங்குகிறவர்களும் பழசையே கேட்டார்கள். இன்றும் பழைய பாத்திரத்தைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது அந்தத் தும்பிக்கையைத்தான். வருஷம் வெட்டாத பாத்திரத்துக்கும் ஒரு தோராயமான வயது அதில் கிடைக்கும். தோராயம்தான், மாமா போன்றவர்கள் ஆணைக்கு அப்புறமும் பல காலம் தும்பிக்கை வெட்டியவர்கள்.

1980 மாசியில் மகாமகம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் கூட்டம். தீர்த்தம் எடுத்துப்போகச் சொம்பு வாங்கியவர்கள் எல்லாரும் பேரும் 'மகாமகம் 1980' என்றும் வெட்டச் சொன்னார்கள். மாமாவும் நானும் எதிரெதிராக உட்கார்ந்து விடியவிடிய அடித்தோம். இரண்டு சுத்தியும் ஒரு கட்டத்தில் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டது. யார் யாரைப் பின்பற்றினோம் என்று தெரியாது. நான் அந்த அளவுக்கு வெட்டியது அதுதான் கடைசி. அடுத்த வருஷம் தபால் இலாகாவில் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டேன். அங்கேயும் முத்திரை குத்துகிற வேலைதான், சத்தம் மட்டும் வேறு.

அடுத்த சில வருஷங்களில் கடைக்கு மெஷின் வந்தது. பேனா மாதிரி பிடித்துக்கொண்டால் முனை தானே அதிரும். நன்றாகக் கையெழுத்து போடத் தெரிந்த பையன் போதும். சாணை வேண்டாம், தோய்ச்சல் வேண்டாம், காலால் திருப்ப வேண்டாம். லீவில் வந்திருந்தபோது மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்ததை நான் பார்த்தேன். தூக்கு மூடியில் ஒரு 'ட' போட்டார். நடுங்கி நடுங்கி வந்தது.

"உளியை நாம ஆட்டணும். இது நம்மள ஆட்டுது" என்று முதலாளி பையனிடம் திருப்பிக் கொடுத்தார். கோபமாக எல்லாம் சொல்லவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச காலத்தில் நாச்சியார்கோவிலுக்கே போய், மைத்துனர் பட்டறையில் விளக்குகளை அராவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு அவர் மகன் ஒரு உளியை என்னிடம் கொடுத்தான். எங்கள் வீட்டில் அது பாட்டில் மூடி நெம்புவதற்கும், தேங்காய்க் கண்ணைக் குத்துவதற்கும் பயன்பட்டுவந்தது.

2016 மகாமகத்துக்குக் குடும்பத்தோடு கும்பகோணம் போனோம். கடையில் திண்ணை இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கதவும் ஷோகேஸும் இருந்தன. பேரனுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி, 'நிலவன்' என்று பேர் போடச் சொன்னோம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பையன் நின்றுகொண்டே மெஷினைப் பிடித்து ஒரு நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தான். உட்கார்ந்து பார்க்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. எழுத்து நன்றாகவே இருந்தது. குற்றம் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவும்போதுதான் கவனித்தேன். 'நிலவன'. கடைசிப் புள்ளி இல்லை. கூட்டத்தில் விட்டிருப்பான்.

மருமகள் கோவிலுக்குப் போயிருந்தாள். மாமாவின் உளியை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். முனையைப் பின்கட்டுக் கல்லில் கொஞ்சம் தீட்டினேன். சுத்தியாக மனைவி இஞ்சி நசுக்கும் பித்தளை உலக்கை. தட்டை அரிசி மூட்டை மேல் சாய்த்து, உள்ளங்கால்களால் கவ்விக்கொண்டேன். முட்டி இரண்டும் கத்தின. கண்ணாடி போட்டால் உளி முனை தெரிந்தது, 'ன' கலங்கியது. கழற்றினால் இரண்டும் இல்லை. உலக்கையை விழவிட்டேன்.

புள்ளி விழுந்துவிட்டது. 'ன'வின் தலைக்கு நேராக இல்லை, ஒரு நெல் அளவு வலப்பக்கம் தள்ளி. எவர்சில்வர். இரண்டாவது அடி அடிக்கவில்லை. மருமகள் இன்னும் பார்க்கவில்லை.